நாக்குக்கு முன்னால் தொட்டி

பீர் குடிப்பவர்களின் ருசி எப்படி மாறுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள். முதலில் குளிரில் மெல்ல நொதிக்கும் வெளிறிய, லேசான லாகர். பக்கத்தில் ஒரு சிறு புரூவரி, அதாவது பீர் ஆலை, திறந்ததும் மிதமான சூட்டில் சீக்கிரம் நொதிக்கும் பேல் ஏல். அது பழகியதும் கசப்பு ஏறிய ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), அடுத்து அதையும் மிஞ்சும் இரட்டை ஐபிஏ. ஒருநாள் கசப்பு சலித்துப்போய், பழச்சாறு போலக் கலங்கிய ஐபிஏ. நடுவில் புளிப்பு, பழக்கூழ், ஓக் பீப்பாய். எல்லாம் சுற்றி முடித்து மறுபடி லாகர்.

வரிசை பெரும்பாலும் சரிதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் அரைகுறை. "நாக்கு பக்குவப்பட்டுவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தந்தக் கட்டத்தில் உள்ளூர் புரூவரால் எதைப் பிழையில்லாமல் செய்ய முடிந்ததோ, அதைத்தான் குடிப்பவர் விரும்பப் பழகினார் என்பது பேச்சில் வருவதே இல்லை. ருசி மாறிய கதையில் பாதி, எஃகுத் தொட்டிகளின் கதை.

தொட்டிக் கணக்கைப் பார்த்தால் புரியும். 1,000 லிட்டர் நொதித்தல் தொட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர் ஈஸ்ட். ஏல் வகை ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும். ஐந்தாறு நாளில் நொதித்தல் முடியும். தெளியவிட்டுக் குளிரவைத்து நிரப்ப இன்னொரு வாரம். தொட்டி கழுவும் நாளையும் சேர்த்தால் 15 நாள். வருடத்துக்கு 24 முறை, அதாவது 24,000 லிட்டர். லாகர் ஈஸ்ட் 10 முதல் 12 டிகிரியில் இரண்டு வாரம் நிதானமாக வேலை செய்யும். அதன்பின் 0 முதல் 2 டிகிரியில் மூன்று நான்கு வாரமாவது ஊற வேண்டும். அதே தொட்டி வருடத்துக்கு எட்டு முறைதான் காலியாகும்: 8,000 லிட்டர். கடன் வாங்கித் தொழில் தொடங்கிய ஒருவர் எதைக் காய்ச்சுவார் என்பதற்கு ருசி ஆராய்ச்சி தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லாகரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெப்பநிலை மூன்று டிகிரி ஏறினாலும், ஈஸ்ட் போதாமல் போனாலும், அது நேராக மூக்குக்கு வந்துவிடும். கசப்பும் வாசனையும் நிறைந்த ஏலில் அதே பிழை பாதி மறையும். 1994-இல் கலிஃபோர்னியாவில் பிளைண்ட் பிக் புரூவரியைத் தொடங்கிய வின்னி சிலுர்சோ, முதல் பீருக்கே, கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவை இரட்டித்தார். இரட்டை ஐபிஏ என்ற வகையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். கருவிகள் பழையவை, பிழை வாடை வந்தாலும் ஹாப்ஸ் மூடிவிடும் என்பதும் தன் கணக்கில் இருந்ததாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு தலைமுறையின் ருசிக்குப் பின்னால் இப்படி ஒரு பழைய கருவிகளின் காலம் இருக்கிறது.

இனி நாக்கு. பீரின் கசப்பு ஐபியூ என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஏறத்தாழ, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருக்கிறது என்பதே அது. ஹாப்ஸ் பூவில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் நீரில் சரியாகக் கரையாது. கொதிக்கும்போது அது உருமாறிக் கரைகிறது; அதனால்தான் கசப்புக்கான ஹாப்ஸை 60 நிமிடம் கொதிக்கவிடுகிறார்கள். லேசான அமெரிக்க லாகரில் 8 முதல் 12 ஐபியூ இருக்கும். செக் நாட்டின் லாகரான பில்ஸ்னரில் 30 முதல் 45. அமெரிக்க ஐபிஏவில் 40 முதல் 70. நூறைத் தாண்டிய பிறகு எண்ணிக்கை ஏறும், நாக்குக்கு வித்தியாசம் பிடிபடாது.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துக் கசப்பைச் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் இனிப்பு கசப்பை அமுக்கும். நொதித்தல் முடிந்தபின் அடர்த்தி (நீருக்கு 1.000; எண் ஏறினால் மிச்ச இனிப்பு அதிகம்) 1.006-இல் நிற்கும் 35 ஐபியூ பீர், 1.018-இல் நிற்கும் 50 ஐபியூ பீரைவிடக் கூர்மையாகக் கசக்கும். நீரிலுள்ள சல்ஃபேட் கசப்பைக் காயவைத்து நீட்டும். குளோரைடு அதை உருட்டி மென்மையாக்கும். கேனின் மேல் "80 ஐபியூ" என்று பெரிதாக அச்சடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த எண் பெரும்பாலும் கணித மென்பொருள் சொன்னது, ஆய்வகம் அளந்தது அல்ல.

கசப்பு பழகும் என்பதில் ஐயமில்லை. நச்சை எச்சரிக்கும் சுவை என்பதால் முதல் மடக்கில் உடம்பு தயங்கும். கெடுதல் எதுவும் வரவில்லை என்று பலமுறை தெரிந்தபின் தயக்கம் தளரும். காபியிலும் இதுதான் நடக்கிறது. ஹாப்ஸ் விரும்பிகள் இதை, ஹாப்ஸ் பூவின் மஞ்சள் தூளான லுபுலினின் பெயரால், "லுபுலின் வரம்பு நகர்வு" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்: நேற்று அதிகமாகத் தெரிந்தது இன்று போதவில்லை.

உங்கள் வரம்பு எங்கே நிற்கிறது என்று அளந்துபார்க்க எளிய வழி உண்டு. வீட்டில் காய்ச்சுபவர்களுக்கான கடைகளில் 30 சதவீத ஐசோ ஆல்ஃபா சாறு கிடைக்கும். அதில் 1 மில்லிலிட்டரை 99 மில்லிலிட்டர் வோட்காவில் கலந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் கசப்பு. 500 மில்லிலிட்டர் லேசான லாகரில் இதை 2.5 மில்லிலிட்டர் விட்டால் 15 ஐபியூ ஏறும். 5 விட்டால் 30. மூன்று கிளாஸ் வைத்துக்கொள்ளுங்கள்: எதுவும் சேர்க்காதது, 15 ஏற்றியது, 30 ஏற்றியது. சேர்க்காததில் 5 மில்லிலிட்டர், 15 ஏற்றியதில் 2.5 மில்லிலிட்டர் வெறும் வோட்காவும் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு கெடும். சாறைக் கலக்காமல் நேராகச் சொட்டுவிடாதீர்கள்; ஒரு துளியே கிளாஸை நாசமாக்கும். இந்தச் சோதனையில் பலருக்கு ஒன்று தெரியவரும். 30 ஏற்றிய லாகர் ஐபிஏ போல இருக்காது, வெறும் கசப்பு லாகராகத்தான் இருக்கும். ஐபிஏ விரும்பியவர்கள் கசப்பை விரும்பியதாக நினைத்தார்கள். உண்மையில் விரும்பியது வாசனையை.

அந்த வாசனை வந்த தடத்துக்கும் தேதி இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஒரேகான் இனப்பெருக்கத் திட்டத்தில் உருவான கேஸ்கேட் ஹாப்ஸ் 1972-இல் வெளியானது. பம்பளிமாஸ் தோலும் பூவும் கலந்த வாசனை; ஐரோப்பிய ஹாப்ஸின் மூலிகை வாடைக்குப் பழகிய பெரிய புரூவரிகளுக்கு அது துருத்திக்கொண்டு தெரிந்தது. 1975-இல் ஆங்கர் புரூவரி லிபர்டி ஏலில் அதைப் பயன்படுத்தியது. 1980-இல் சியரா நெவாடா பேல் ஏல் வந்தது, 38 ஐபியூ. இன்று குடித்தால் சாது பிள்ளை போலத் தெரியும். அன்று அது முரடு. பீர் மாறவில்லை, பக்கத்தில் நிற்கும் பீர்கள் மாறிவிட்டன. பின்னால் வந்த சிம்கோ, சிட்ரா, மொசைக் ஆகியவை மாம்பழம், எலுமிச்சை, பெர்ரி வாசனைகளைக் கொண்டுவந்தன.

ருசி மாற்றத்தில் அதிகம் பேசப்படாத பாத்திரம் கிரிஸ்டல் மால்ட்: முளைகட்டி, உள்ளிருக்கும் சர்க்கரை கேரமலாகும்படி வறுத்த தானியம். ஆரம்பகாலப் பேல் ஏல்களில் மொத்த தானியத்தில் 8 முதல் 12 சதவீதம் அது இருக்கும். கேரமல் இனிப்பு, செம்புநிறம். புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஹாப்ஸ் வாசனை வடிந்துவிட, கேரமல் உலர்திராட்சையாகத் திரிந்து முன்னால் வந்து நிற்கும். குடிப்பவர் "இந்தக் கசப்பு பீர் தித்திப்பாக இருக்கிறதே" என்று ஒதுக்குவார். புரூவர்கள் மெல்ல அதை 3 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார்கள், சிலர் முழுதாக நீக்கினார்கள். ஐபிஏக்கள் வெளிறி, உலர்ந்து, மூக்குக்கு வேலை தருபவையாக மாறியதில் இதற்குப் பெரிய பங்கு.

கலங்கல் ஐபிஏவில்தான் தொழில்நுட்பமும் நாக்கும் ஒன்றையொன்று இழுத்ததைத் தெளிவாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் வெர்மான்டில் தி ஆல்கமிஸ்ட் புரூவரியின் ஹெடி டாப்பர் 2004-இலேயே அதன் மதுக்கூடத்தில் இருந்தது. 2011-இல் கேனுக்கு வந்தபின் தேடித் தேடி வாங்கினார்கள். 2018-இல் அமெரிக்க புரூவர்கள் சங்கம் கலங்கல் வகையைத் தன் பாணிப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை பட்டியல்படி ஐபிஏவில் கலங்கல் என்பது பிழை.

செய்முறையில் மாறியவை நான்கு. தானியத்தில் 15 முதல் 25 சதவீதம் ஓட்ஸும் கோதுமையும், வாயில் பட்டுப்போன்ற கனத்துக்காக. நீரில் குளோரைடு லிட்டருக்கு 150 முதல் 200 மில்லிகிராம், சல்ஃபேட் அதில் பாதி அல்லது அதற்கும் கீழ். அமெரிக்க மேற்குக்கரையின் பழைய கசப்பு ஐபிஏவுக்கு இது நேர்தலைகீழ். கொதிக்கும்போது ஹாப்ஸ் ஏறக்குறைய இல்லை. அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கியபின் 20 நிமிடம் சுழலவிட்டு அப்போது போடுவார்கள், கசப்பு குறைவாக எடுக்கும், எண்ணெய் அதிகம் தங்கும். கடைசியாக, நொதித்தலின்போதும் அதன் பின்னும் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை "உலர் ஹாப்ஸ்", அதாவது கொதிக்கவிடாமல் நேராகத் தொட்டியில் போடும் ஹாப்ஸ்.

இந்தக் கடைசி எண்ணைப் பற்றி ஒரு சண்டை போடலாம். கேஸ்கேட் ஹாப்ஸை வைத்து ஒரேகான் ஸ்டேட் பல்கலைக்கழகம் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் வாசனை அதே விகிதத்தில் ஏறுவதில்லை, பச்சிலை, தேயிலை வாடைதான் கூடுகிறது என்று காட்டியது. எல்லா ரகத்துக்கும் அதே எண் பொருந்தும் என்றில்லை. ஆனாலும் 20 கிராமில் நிற்கும் பல கேன்களில் கூடுதலாகக் கிடைப்பது தொண்டை எரிச்சல் மட்டுமே. அது மிதக்கும் ஹாப்ஸ் துகளாலும், துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலாலும் வருவது. 0 முதல் 2 டிகிரியில் நான்கைந்து நாள் படியவிட்டால் பெரும்பகுதி அடங்கும். அவசரப்பட்டு நிரப்பியவர்கள் அந்த எரிச்சலையே "புத்தம்புது ருசி" என்று விற்றதும் உண்டு.

கலங்கல் ஐபிஏவின் உண்மையான எதிரி ஆக்சிஜன். நிரப்பிய கேனில் மொத்த ஆக்சிஜன் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சில வாரத்தில் மஞ்சள் நிறம் மங்கி, பழுப்பும் சாம்பலுமாகும். மாம்பழ வாசனை போய் தேன், ஈர அட்டை வாடை வரும். சிறு புரூவரிகளில் பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் நிரப்பும் இயந்திரம் கூட அல்ல, குளிரவைக்கும் நேரம். 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறங்கும்போது தொட்டியின் மேல்வெளி வாயு சுருங்கும், கரியமில வாயு பீரில் கரையும். இரண்டும் சேர்ந்து, வாயுவை வெளியேற்ற வைத்த ஏர்லாக் அடைப்பு வழியாக வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். குளிரூட்டும் முன்பே தொட்டியை அடைத்து 0.3 முதல் 0.5 பார் கரியமில வாயு அழுத்தம் கொடுத்தால் இது நின்றுவிடும். தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்குமென்று சான்றளிக்கப்பட்டிருந்தால் மட்டும்.

இதில் குடிப்பவருக்குக் கிடைத்த பாடம் ருசியைவிடப் பெரியது: கேனின் அடியில் இருக்கும் தேதியைப் பார்க்கும் பழக்கம். லாகர் காலத்தில் அதை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரே பீரை இரண்டாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் குடித்து வித்தியாசம் உணர்ந்தவர், அதன்பின் எந்தப் பழைய பீரையும் மன்னிப்பதில்லை.

புளிப்பு அலையை வேகமாகக் கடந்துவிடலாம். பெல்ஜியத்தின் லாம்பிக் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் காத்திருக்கும். சிறு புரூவரிகள் அந்தக் காத்திருப்பை ஒன்றிரண்டு நாளாக்கின: வோர்ட்டை, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை, 37 டிகிரிக்கு ஆறவைத்து, புளிக்கவைக்கும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவைச் சேர்த்து, பிஎச் 3.3 அருகே இறங்கியதும் கொதிக்கவைத்து நிறுத்துவது. பாக்டீரியா சேர்க்கும் முன்பே லாக்டிக் அமிலம் விட்டு பிஎச்சை 4.5-க்கு இறக்கவில்லையென்றால் வேறு நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும், வாந்தி வாடை வரும். அதைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. பழக்கூழைக் கடைசியில் கலந்து கேனில் அடைத்தவர்கள் வேறு வகையில் மாட்டினார்கள். கூழின் சர்க்கரையை மிச்ச ஈஸ்ட் கேனுக்குள்ளேயே நொதிக்கவைக்க, கேன் வெடித்தது. "எப்போதும் குளிரில் வைக்கவும்" என்று அச்சடித்துத் தப்பிப்பது தீர்வே அல்ல. பாஸ்டர் முறையில் சூடாக்க வேண்டும், அல்லது கூழை முழுதாக நொதிக்கவிட வேண்டும்.

இனிப்பான கலங்கலுக்கு எதிர்வினையாக 2017-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் புரூட் ஐபிஏ பிறந்தது. நொதி ஒன்றைச் சேர்த்து மிச்ச இனிப்பை முழுக்க எரித்து, எலும்புபோல் உலர்ந்த பீர். சில மாதங்கள் எல்லாக் குழாயிலும் இருந்தது, பிறகு காணாமல் போனது. வாயில் கனமே இல்லாத பீரில் ஹாப்ஸ் வாசனை பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

ஒரு புரூவர் தன் வாடிக்கையாளர்களின் ருசியை எங்கே தவறாகப் படிக்கிறார் என்றால், 100 மில்லிலிட்டர் மாதிரிக் கிளாஸ்களில். நான்கைந்து மாதிரிகள் ஒரு பலகையில் வரும்போது எது உரக்கப் பேசுகிறதோ அது ஜெயிக்கும்: 8 சதவீத ஆல்கஹால், பழக்கூழ், வெனிலா. முழு கிளாஸ் என்று வந்தால் கதை மாறும். அதே ஆள் இரண்டாவது கிளாஸுக்கு 4.8 சதவீத பேல் ஏலைக் கேட்பார். விற்பனைப் புத்தகத்தில் முதல் ஆர்டரையும் இரண்டாம் ஆர்டரையும் தனித்தனியாகக் குறித்துவைத்தால் இரண்டு வேறு பட்டியல்கள் கிடைக்கும். அடுத்த மாதம் எதைக் காய்ச்சுவது என்பதை இரண்டாவது பட்டியலை வைத்து முடிவு செய்வதே புத்தி.

செய்முறையை மாற்றும்போது "யாருக்கும் தெரியாது" என்று தைரியமாகச் சொல்வதற்கு முன் முக்கோணச் சோதனை செய்ய வேண்டும். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரு செய்முறை, ஒன்றில் மற்ற செய்முறை. எது வேறு என்று மட்டும் கேளுங்கள், எது பிடித்தது என்று கேட்காதீர்கள். குருட்டாம்போக்கிலேயே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். அதனால் 12 பேரில் 8 பேர், 24 பேரில் 13 பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையாகவே தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நிறத்தில் வேறுபாடு இருந்தால் ஒளிபுகாத கோப்பை. மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். 4 டிகிரியில் மூடிக்கிடக்கும் வாசனை 10 டிகிரியில் எழுந்து வரும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் குழாயைக் கழுவாமல் விட்டால் எல்லாம் வீண். பீர்க் குழாய்களை 14 நாளுக்கு ஒருமுறை 2 சதவீதக் காரக் கரைசலை 15 நிமிடம் சுற்றவிட்டுக் கழுவ வேண்டும். பழைய குழாய்க்கு 3 சதவீதம். குழாய்த் திருகின் பாகங்களையும் அப்போதே கழற்றித் தேய்க்க வேண்டும். கரைசலுக்குப் பின் நீர்விட்டு, வெளிவரும் நீரின் பிஎச் உள்ளே போகும் நீரின் பிஎச்சுக்கு இறங்கும்வரை அலச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல், படிந்த கல்லுக்காக. அழுக்குக் குழாயில் பாக்டீரியா வளர்ந்து வெண்ணெய் வாடையும் புளிப்பும் ஏறும். கெட்ட குழாயில் குடித்தவர் "எனக்கு லாகர் பிடிக்காது" என்ற முடிவுக்கு வருவார், "இந்தக் குழாய் அழுக்கு" என்ற முடிவுக்கு அல்ல.

லாகருக்குத் திரும்பியவர்கள் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்ததாகத் தோன்றும். கிளம்பியது 10 ஐபியூ, அரிசியோ மக்காச்சோளமோ கலந்த லாகரிலிருந்து. திரும்பியது முழு மால்ட், 35 ஐபியூ, சாட்ஸ் ஹாப்ஸ் மணக்கும் பில்ஸ்னருக்கு; 1842-இல் பில்சன் நகரத்தின் உப்பில்லாத மென்னீரில் யோசஃப் குரோல் காய்ச்சிய அந்த வம்சம். இவர்களுக்கு இப்போது கசப்பு தெரியும், தேதி தெரியும், வாசனைக்குப் பெயர் தெரியும். லாகரைப் பொறுத்தவரை இவர்களைவிடக் கறாரான வாடிக்கையாளர் கிடையாது. புரூவரியும் இதற்குள் கடன் அடைத்து, கூடுதல் தொட்டி வாங்கி, குளிரூட்டியைப் பெரிதாக்கி, ஆறு வாரம் காத்திருக்கும் தெம்பைப் பெற்றிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது தற்செயல் அல்ல.

இந்த வாடிக்கையாளர் முதலில் கண்டுபிடிக்கும் பிழை டையசிட்டைல், வெண்ணெய் வாடை. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமே பலருக்குத் தெரிந்துவிடும். ஈஸ்ட் வெளியிடும் ஒரு முன்பொருள் மெல்ல டையசிட்டைலாக மாறும். அதை ஈஸ்ட்டே திரும்ப உண்டு தீர்க்கும், ஆனால் சூடு வேண்டும், ஈஸ்ட் விழித்திருக்க வேண்டும். எனவே இறுதி அடர்த்திக்கு நான்கைந்து புள்ளி (0.004 முதல் 0.005) மிச்சமிருக்கும்போதே 11 டிகிரியிலிருந்து 16 அல்லது 17-க்கு ஏற்றி, இரண்டு மூன்று நாள் விட வேண்டும். குளிரவைத்தபின் நினைவு வந்தால் தாமதம்; ஈஸ்ட் அடியில் தூங்கிப்போயிருக்கும். குளிரவைக்கும் முன் இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்றை மூடி 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவையுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். சூடாக்கியது ஒளிந்திருக்கும் முன்பொருளையும் வெளிக்கொண்டுவரும். இரண்டும் சுத்தமாக மணந்தால் குளிரூட்டலாம். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் தொட்டியைத் தொடாமல் இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி சோதியுங்கள், நிரப்பும் தேதியை விற்பனைக்காரரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாலும்.